ஏமாற்று வேலைதான்!

கேள்வி: அமெரிக்காவில் விளையாட்டையும் வளரும் பருவத்தையும் வைத்துச் சிறுவர்களுக்குக் கவிதையிலேயே நாவல் எழுதிப் பரிசும் வாங்கிவிடுகிறார்களாம். பத்துச் சொல்லை ஒரு பக்கம் முழுக்கப் பரப்பிவிட்டு நாவல் என்று விற்பது ஏமாற்று வேலை அல்லவா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஏமாற்று வேலைதான், பரிசே அதற்குத்தான். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது குவாமி அலெக்சாண்டர் 2014இல் எழுதி, மறு ஆண்டே அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற ‘தி கிராஸ்ஓவர்’ என்று கொள்கிறேன். கூடைப்பந்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பந்தைச் சட்டென்று மாற்றித் தட்டி, மறித்து நிற்பவரைத் தவறான பக்கம் சாயவைத்துவிட்டு, அவர் காலூன்றிக்கொள்வதற்குள் கடந்துவிடும் உத்திக்குத்தான் அந்தப் பெயர். வாக்கியம் முடிந்தது என்று கண் ஓயும் இடத்தில் அதை முடியவிடாமல் அடுத்த வரிக்குத் தள்ளும் கவிஞர் செய்வதும் அதே வேலையே.

வரி முறிக்கிற எல்லோருக்கும் இது கைவந்துவிடாது. எங்களுக்கு மின்னஞ்சலில் வரும் கவிதைகளில் பலவற்றைச் சேர்த்து எழுதிப் பார்த்தால், தாசில்தாருக்கு அனுப்பவேண்டிய மனுவாகிவிடும். இதை முன்பொருமுறை இப்பக்கத்தில் எழுதியதற்குக் கோபித்துக்கொண்டு ஒரு கவிஞர் சந்தாவை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி அனுப்பிய கடிதத்தையும் பதினான்கு வரிகளாக முறித்தே எழுதியிருந்தார்.

அலெக்சாண்டரிடம் முறிவுக்குக் காரணம் இருக்கிறது. நான்கு கால்பகுதிகளும் ஓவர்டைமுமாக, நூலே ஓர் ஆட்டம்போல் பிரிக்கப்பட்டிருக்கிறது. கதை சொல்லும் ஜோஷ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஆடும் பக்கங்களில் எழுத்துகள் பெருத்தும் சரிந்தும் ஓடுகின்றன. தன்னோடு இரட்டையாகப் பிறந்தவனுக்குத் தோழி வாய்த்த பொறாமையில் அவன் முகத்திலேயே பந்தை எறிந்து, ஜோஷ் அணியிலிருந்து விலக்கிவைக்கப்படுகிறான். பழைய தொழில்முறை ஆட்டக்காரரான அப்பாவோ இரத்தக் கொதிப்பை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக மறுக்கிறார். அந்த நோயின் பெயருக்கு ஜோஷ் அகராதியில் இருப்பதுபோலவே பொருள் எழுதுகிறான். எடுத்துக்காட்டு வாக்கியமாக, அப்பா உப்பு தின்பது அம்மாவுக்குப் பிடிக்காததைச் சொல்கிறான். தாத்தா இதனால்தான் இறந்திருப்பார் என்பதையும் அப்படியே சேர்த்துக்கொள்கிறான். ‘உப்பைக் குறைப்பீர்’ என்று நம் சிறுவர் இதழ்கள் கட்டம் கட்டிப் போடும் அறிவுரை அங்கே ஒரு பையனின் பயமாக வருகிறது. சிறுவர் என்றாலே நீதி புகட்டவேண்டியவர்கள் என்று நம்பும் நம் எழுத்தாளர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது படிக்கலாம்.

இத்தகைய நூலுக்கு அந்தப் பதக்கம் கிடைப்பதும் புதிதல்ல. 1930களின் ஓக்லஹோமா புழுதிப் புயல்களைப் பற்றிக் கேரன் ஹெஸ்ஸி எழுதிய கவிதை நாவல் 1998இலேயே அதை வாங்கிவிட்டது. ஆனால் அலெக்சாண்டர் 2016இல் கால்பந்தை வைத்து எழுதிய ‘புக்ட்’ நாவலில், பல இடங்களில் வரி முறிவது வெறும் பழக்கத்தால்தான் என்று எனக்குப் படுகிறது. அதன்மேல் நீங்கள் வழக்குப் போடுவதானால் என்னையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.