டிரைவரைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில் இருந்த கணினியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து டெபியன் போட்டேன். உள்ளே அடாப்டெக் 2940யூடபிள்யூ கார்டு, 9 ஜிபி ஸ்கஸி டிஸ்க் (ஸ்கஸி என்பது டிஸ்க், ஸ்கேனர் போன்றவற்றை இணைக்கும் பழைய முறை). வெளியே ஒரு பிலிம் ஸ்கேனர். டிஸ்க் தெரிகிறது. ஆனால் படங்களை நகலெடுக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் பேரிட்டி எரர், டைம் அவுட் என்று வந்து பஸ் ரீசெட் ஆகிறது. டிரைவரில் எதை மாற்றுவது?
– வாசகர், தோ பாயோ

பதில்: இப்போதைக்கு டிரைவரில் எதையும் மாற்றாதீர்கள். டிஸ்க் தெரிகிறது என்றால் ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது, கார்டும் டிஸ்க்கோடு பேசிவிட்டது. டிரைவர் கார்டைப் பார்க்கிறதா, கார்டு டிஸ்க்கைப் பார்க்கிறதா என்று இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. பேரிட்டி எரர் என்பது கம்பியில் போன தரவு வழியிலேயே கெட்டது என்று டிரைவர் தரும் புகார்.

முதலில் கணினியை அணைத்து ஸ்கேனரை அதன் கேபிளோடு சேர்த்துக் கழற்றுங்கள். அப்பாவின் படங்கள்தான் முக்கியம், ஸ்கேனர் காத்திருக்கட்டும். கார்டை எடுத்து, அதன் தங்க விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கார்டில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்திருக்கும். 68 ஊசி கனெக்டரைக் கைவிளக்கில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய ஊசிகள், ஒன்று வளைந்து பக்கத்து ஊசியைத் தொட்டாலும் நீங்கள் சொல்லும் கோளாறு அப்படியே வரும்.

அடுத்தது டெர்மினேட்டர், அதாவது கேபிள் முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கும் பாகம். ஸ்கஸி பஸ்ஸின் (சாதனங்களைக் கோக்கும் கம்பித் தொடரின்) இரண்டு முனைகளில் மட்டும் அது இருக்க வேண்டும், நடுவில் கூடாது. இப்போது ஒரு முனை கார்டு, மறுமுனை டிஸ்க். டிஸ்க்கைக் கேபிளின் கடைசி கனெக்டரில் செருகுங்கள், அதைத் தாண்டி வெறும் கேபிள் தொங்கக் கூடாது. டிஸ்க்கில் டெர்மினேட்டர் ஜம்பர் இருந்தால் போடுங்கள். அல்ட்ரா2 காலத்து டிஸ்க்குகளில் அந்த ஜம்பரே இருக்காது. அப்படியானால் கேபிள் முனையில் தனி ஆக்டிவ் டெர்மினேட்டர் வேண்டும். சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்பட்டுவிட்டதால், சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்கள்.

பூட் ஆகும்போது கண்ட்ரோல்-ஏ அழுத்தினால் கார்டின் அமைப்புத் திரை வரும். அந்த டிஸ்க்கின் எண்ணுக்கு அதிகபட்ச வேகத்தை 40இலிருந்து 20க்குக் குறையுங்கள். நகலெடுக்க அது தாராளம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்துவிடுங்கள். கோப்பு கோப்பாக இழுக்காதீர்கள். பழைய டிஸ்க் ஒருமுறை முழுதாக ஓடித் தந்தாலே பெரிய விஷயம்.

இவ்வளவுக்குப் பிறகும், பேரிட்டி எரர் இல்லாமல் டைம் அவுட் மட்டும் வந்தால் டிரைவரைத் தொடலாம். டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகளை வரிசையில் அனுப்புவது என்பதற்கு குளோபல் டேக் டெப்த் என்ற தெரிவு உண்டு, 1 முதல் 253 வரை. நீண்ட வரிசையைச் சில பழைய டிஸ்க்குகள் தாங்காது. டிரைவர் தெரிவுகளை வைக்கும் மோட்புரோப்.டி கோப்புறையில் இதை 8 என்று எழுதுங்கள். கூடவே வெர்போஸ் தெரிவையும் சேர்த்தால் டிரைவர் விரிவாகப் பதிவு எழுதும். எழுதியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பை) புதுப்பிக்க மறந்துவிட்டு ‘மாற்றியும் பயனில்லை’ என்று சொல்பவர்கள் ஏராளம். பூட் நேரத்தில் டிரைவர் படிப்பது அங்கே உள்ள பழைய நகலைத்தான்.

படங்கள் பத்திரமான பிறகு ஸ்கேனரை மாட்டலாம். இந்தக் கார்டில் மூன்று கனெக்டர்கள் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டைத்தான் பயன்படுத்தலாம். உள்ளே 68 ஊசி டிஸ்க், வெளியே 50 ஊசி ஸ்கேனர் என்றால் கார்டு பஸ்ஸின் நடுவே வந்துவிடும். ஆனால் 68 ஊசிக் கேபிளில் 16 பிட், 50 ஊசியில் 8 பிட்தான் என்பதால், மேல் 8 பிட் கம்பிகள் மட்டும் கார்டோடு முடிந்துபோகும். டெர்மினேஷனை ஆட்டோமேட்டிக்கில் விட்டால், வெளியே கேபிள் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் கார்டு தன் டெர்மினேஷனின் மேல், கீழ் இரண்டு பாதியையும் அணைத்துவிடும். மேல் பாதி அநாதை, டிஸ்க்கில் பேரிட்டி எரர். உங்கள் கோளாறின் வேர் பெரும்பாலும் இதுதான். கையால் ‘லோ ஆஃப், ஹை ஆன்’ (கீழ் பாதி ஆஃப், மேல் பாதி ஆன்) வையுங்கள். 68-50 அடாப்டருக்குள்ளேயே மேல் பாதி டெர்மினேட்டர் இருந்தால் மட்டும் இரண்டும் ஆஃப். ஸ்கேனர் முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும். அல்ட்ரா வேகத்தில் கார்டையும் சேர்த்து 4 சாதனம் வரை மொத்தக் கேபிள் 3 மீட்டர், அதற்கு மேல் சாதனங்கள் என்றால் 1.5 மீட்டர்தான். உள்ளே ஓடும் கேபிளும் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: இதே 2940 கார்டை விண்டோஸ் 10இல் ஓட்ட முடியுமா?
– வாசகர், பிடோக்

பதில்: முடியாது, அதற்கு டிரைவர் இல்லை. எக்ஸ்பியில் கூடவே வந்தது. இணையத்தில் ‘விண்டோஸ் 10 டிரைவர்’ என்று கிடைப்பதை இறக்காதீர்கள். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக விண்டோஸுக்குப் பகிருங்கள்.

கேள்வி: சென்ட்ஓஎஸ் 7இல் நன்றாக ஓடிய எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு, அல்மாலினக்ஸ் 9.2 போட்டதும் ஒரு டிஸ்க்கையும் காட்டவில்லை. கார்டு செத்துவிட்டதா?
– வாசகர், ஈசூன்

பதில்: கார்டு உயிரோடுதான் இருக்கும். கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே தெரிவோடு ஓட்டுங்கள். 1000:0072 என்ற எண் தெரிந்து, அதன் கீழே எந்த டிரைவர் இயங்குகிறது என்ற வரி மட்டும் இல்லையென்றால், டிரைவர் கார்டைத் தொடவே இல்லை என்று பொருள். இந்தக் கார்டுக்கான டிரைவரான எம்பிடி3சாஸ் மாட்யூல் கெர்னலில் இருக்கிறது, பிழையின்றி லோடும் ஆகும். ஆனால் அல்மாலினக்ஸ் பின்பற்றும் ரெட் ஹேட் லினக்ஸ், 8ஆம் பதிப்பிலிருந்து இந்தச் சிப்பின் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இங்கே குற்றவாளி உண்மையிலேயே டிரைவர்தான்.

எளிய வழி அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்குப் போவது. அதில் நீக்கிய எண்களைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். 9.2இலேயே இருக்க வேண்டுமானால் ஈஎல்ரெப்போ களஞ்சியத்தின் கேமாட்-எம்பிடி3சாஸ் தொகுப்பைப் போடுங்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அவர்களின் சாவியை முதலில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கெர்னல் மாட்யூலை மறுத்துவிடும். எதைச் செய்தாலும், டிஸ்க் தெரியவில்லை என்ற பதற்றத்தில் ரெய்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பை) புதிதாக உருவாக்கிவிடாதீர்கள். தரவு அழிவது அங்கேதான்.

இந்தக் கார்டு சர்வர் விசிறிக் காற்றுக்காகச் செய்தது. ஏர்கான் ஓடாத அறையில் சாதாரணப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அதன் ஹீட்சிங்க்மேல் ஒரு 40 மிமீ விசிறி மாட்டுங்கள்.