மகள் இம்ப்ராவ் காமெடி என்கிறாள், பிழைப்புக்கு என்ன வழி?

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். கல்லூரியில் இம்ப்ராவ் குழுவில், அதாவது எழுதிய வசனம் இல்லாமல் மேடையில் அப்போதைக்கப்போது பேசி நடிக்கும் குழுவில், சேர்ந்ததிலிருந்து அதே பேச்சுதான். டிவியில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் ஆகப் போகிறாளாம். ஹீரோயின் ஆசைகூடக் கிடையாது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேஷம் போதுமாம்! படிப்பைப் பாதியில் விட்டுவிடுவாளோ என்று அவள் அப்பா தூங்காமல் கிடக்கிறார். இதில் எதிர்காலம் உண்டா? நடிப்பில் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம் வேறு படிக்க வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேஷம் போதும் என்கிறாளே, அதைக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அழகை நம்பிப் போகிறவர்களுக்கு முப்பது வயதில் கதவு மூடத் தொடங்கும். கேரக்டர் வேஷக்காரர்களுக்குப் பெரும்பாலும் அந்த வயதுக்குப் பிறகுதான் கதவே திறக்கும். அதுவரை சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் நீங்கள் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஜெயிப்பாளா என்று கேட்காதீர்கள். அதற்கு அவளிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். நடிகை வெண்டி மெக்லெண்டன் கோவி லாங் பீச்சில் வளர்ந்தவர், அங்குள்ள கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். 'தி கோல்ட்பெர்க்ஸ்' தொடரில் பிள்ளைகளை மூச்சுவிட விடாமல் பாசத்தால் அமுக்கும் பெவர்லி அம்மாவாக 2013 முதல் 2023 வரை பத்து சீசன் நடித்தார். நம் வீட்டு அம்மாக்கள் பார்த்தால் 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது' என்பார்கள், அது வேறு விஷயம். அந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு 43 வயது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்? தான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி ஆய்விதழ் ஒன்றில் எடிட்டராக வேலை. வேலை நேரம் போக மெல்ரோஸ் அவென்யூவில் உள்ள கிரவுண்ட்லிங்ஸ். 1974-இல் தொடங்கிய நாடகக் குழு அது, கூடவே ஒரு பள்ளியும். காமெடி நடிகைகள் லிசா குட்ரோ, மெலிசா மெக்கார்த்தி, கிறிஸ்டன் விக் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். பணம் கட்டினால் வரிசையாக மேலே ஏறிவிட முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் சரி என்றால்தான் அடுத்த வகுப்பு. மறுபடி அதே வகுப்பில் உட்கார வைப்பதும் சகஜம், அங்கேயே நிறுத்திவிடுவதும் உண்டு. இதையெல்லாம் தாண்டினால் சண்டே கம்பெனி என்ற இரண்டாம் நிலைக் குழு. அதிலிருந்து ஓட்டுப் போட்டுத்தான் பிரதானக் குழுவுக்கு எடுப்பார்கள், அங்கே முப்பது பேருக்கு மேல் இடமில்லை. வெண்டி 2002-இல் அதற்குள் வந்தார். மறு வருடமே 'ரீனோ 911!' என்ற போலீஸ் காமெடித் தொடரில் வாய்ப்பு.

அந்தத் தொடருக்கு வசனம் எழுதித் தர மாட்டார்கள். காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்று நாலு வரி இருக்கும், பேச்செல்லாம் நடிகர்கள் கேமரா முன்னால் அங்கேயே பேசுவதுதான். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அங்கே பயனில்லை. நடிகை ஜேன் லிஞ்ச் கதையும் ஏறக்குறைய இதுதான். சிகாகோவின் செகண்ட் சிட்டி என்ற இம்ப்ராவ் குழுவில் பழகியவர். ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் விளம்பரத்தில் அவரை இயக்கிய கிறிஸ்டோபர் கெஸ்ட், 2000-இல் வந்த 'பெஸ்ட் இன் ஷோ' படத்துக்குக் கூப்பிட்டார். அதிலும் எழுதிய வசனம் கிடையாது. அப்போது லிஞ்சுக்கு நாற்பது. அவருக்குப் பேர் வாங்கித் தந்த 'க்ளீ' தொடரும் எம்மி என்ற டிவி விருதும் வர இன்னும் ஏறக்குறைய பத்து வருடம் ஆனது.

உங்கள் மகள் வகுப்பில் என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் வெறும் தரையில் நிற்பார்கள். ஒருத்தி, 'டாக்டர், ரிப்போர்ட் வந்துவிட்டதா?' என்பாள். அந்த நொடியில் எதிரில் நிற்பவள் டாக்டர். 'நான் டாக்டர் இல்லையே' என்றால் காட்சி அங்கேயே செத்துவிடும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதன் மேல் ஒன்று வைக்க வேண்டும்: மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, 'வந்துவிட்டது, ஆனால் படிக்கத்தான் தைரியம் வரவில்லை' என்கிறாள். டாக்டரே பயந்தாங்கொள்ளி! ஒரு வரியில் ஒரு ஆள் பிறந்தாயிற்று. டிவியில் இரண்டே வரி பேசிப்போகும் நர்ஸ் வேஷத்துக்கு ஆள் எடுக்கும்போது காஸ்டிங் டைரக்டர் தேடுவது இதைத்தான்.

இனி காசு. இரண்டு வரி வேஷத்துக்கு அமெரிக்க டிவியில் கோ-ஸ்டார் என்று பெயர். நடிகர் யூனியன் கணக்கில் ஒரு நாளுக்குச் சுமார் 1,200 டாலர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஏஜென்டுக்குப் பத்து சதவீதம், அப்புறம் வரி, அதற்குப் பிறகு அடுத்த வேலை எப்போது என்று யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஆறு நாள் கிடைத்தால் 7,200 டாலர், லாஸ் ஏஞ்சலிஸில் அது சில மாத வாடகை. யூனியனின் மருத்துவக் காப்பீடு கிடைக்க வருடத்துக்கு 27,000 டாலருக்கு மேல் நடிப்பில் சம்பாதிக்க வேண்டும், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. 'தி ஆபீஸ்' காமெடித் தொடரில் மெரிடித்தாக நடித்த கேட் ஃப்ளானரி, தொடர் தொடங்கிய பிறகும் உணவகத்தில் சர்வர் வேலையை விடவில்லை. அவரும் செகண்ட் சிட்டி ஆள்தான்.

ஆகவே டிகிரியை முடிக்கச் சொல்லுங்கள். நடிப்பு தோற்றால் பிழைக்க வேண்டுமே என்று சொல்லிக் கேட்காதீர்கள், அவளுக்குக் கோபம்தான் வரும். நடிப்புக்கு அவகாசம் வாங்கித் தருவதே அந்த டிகிரிதான் என்று சொல்லுங்கள், அதுதான் நிஜமும். மாலை ஐந்துக்கு முடிகிற, ஆடிஷனுக்கு அரை நாள் விடுகிற வேலை வேண்டும். பல்கலைக்கழக அலுவலகங்கள், எடிட்டிங், பள்ளிகளில் மாற்று ஆசிரியர் வேலை இந்த வகையில் வரும். சம்பளம் அதிகம் என்று இரவு பத்து மணி வரை உறிஞ்சும் வேலைக்குப் போனால் ஒரே வருடத்தில் வகுப்பு நின்றுவிடும். 26 வயது வரை உங்கள் இன்சூரன்ஸிலேயே அவளை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் தனக்கென்று காப்பீடு உள்ள வேலையில் அவள் இருக்க வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் போடலாம் என்று நான் சொல்லும் நிபந்தனை இது ஒன்றுதான்.

இன்னொன்று, எழுதச் சொல்லுங்கள். நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங்கின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர். கல்லூரியில் இம்ப்ராவ் செய்தவர், தோழியோடு சேர்ந்து தானே ஒரு நாடகம் எழுதி நியூயார்க்கில் போட்டார். 'தி ஆபீஸ்' தொடருக்குள் எழுத்தாளராகத்தான் நுழைந்தார், வேஷமும் சேர்ந்தே கிடைத்தது. உங்கள் மகளின் முகத்துக்கு ஏற்ற வேஷத்தை வேறு யாரோ எழுதுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

எம்.எஃப்.ஏ.? ஜேன் லிஞ்ச் கார்னெலில் அதைப் படித்தவர்தான். ஆனால் கடன் வாங்கிப் படிக்க வேண்டுமென்றால் நான் வேண்டாம் என்பேன். மாதம் ஒரு பெரிய தவணை இருந்தால் சாயங்கால வகுப்புக்குப் பதிலாக ஓவர்டைம்தான் பார்க்க வேண்டிவரும். முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் தாராளமாகப் போகட்டும்.

வகுப்புக் கட்டணம் கட்டுங்கள், நல்ல புகைப்படம் எடுக்கக் கொடுங்கள். 'ஏஜென்சியில் சேர்க்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் ஏஜென்ட் முன்பணம் வாங்குவது சட்டப்படி தவறு, வேலை கிடைத்த பிறகுதான் கமிஷன்.

சொந்தக்காரர்களிடம், 'சைக்காலஜி படிக்கிறாள், சாயங்காலம் நாடகம் போடுகிறாள்' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அடுத்த கேள்வியும் வராது.