பெய்ஜிங் அரண்மனையின் மஞ்சள் கூரை ஓடுகள் கண்ணாடியா, பீங்கானா?

உள்ளே சுட்ட களிமண், மேலே மெல்லிய கண்ணாடிப் படலம். சீனர்கள் இதை ‘லியூலி’ என்கிறார்கள். வண்ணக் கண்ணாடிக்கும் அதே பெயர்தான். நாம் ‘வைடூரியம்’ என்கிறோமே, அந்தச் சொல்தான் பிராகிருதம் வழியாகச் சீனத்துக்குப் போய் லியூலி ஆனது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஓடுகளை முதலில் பூச்சில்லாமல் சுடுவார்கள். பிறகு அரைத்த குவார்ட்ஸ், ஈய ஆக்சைடு, நிறம் தரும் உலோகம் மூன்றும் கலந்த குழம்பைப் பூசி, முன்னதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். அந்தச் சூட்டிலேயே பூச்சு உருகிப் பளபளப்பாகப் பரவுவது ஈயத்தால்தான். இரும்பு மஞ்சள் தரும், செம்பு பச்சை, கோபால்ட் நீலம்.

மஞ்சள் பேரரசருக்கு, பச்சை இளவரசர்களுக்கு. அரண்மனை நூலகமான வென்யுவான் மாளிகைக்கோ கறுப்பு ஓடு. சீன மரபில் கறுப்பு என்பது நீரின் நிறம், ஆகவே தீ அண்டாது என்பது நம்பிக்கை.

அங்கே போனால் ஒன்பது டிராகன் சுவரைக் கட்டாயம் பாருங்கள். 270 லியூலித் துண்டுகளை இணைத்த சுவர். கிழக்கிலிருந்து மூன்றாவதாக இருக்கும் வெள்ளை டிராகனின் வயிற்றருகே ஒரு துண்டு மட்டும் மினுங்காது. அது மரம், செதுக்கி, வெள்ளை பூசிப் பொருத்தியிருக்கிறார்கள்.