படகு டிரெய்லரும் அதன் பேரிங்கும்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் நண்பரோடு பங்கு போட்டுப் பழைய மீன்பிடிப் படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் கடைசியாக, "பேரிங்கை மட்டும் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் பார்க்க என்ன இருக்கிறது, பட்டறையில் விடுவதா, நாமே செய்யலாமா?

பேரிங் என்பது சக்கரத்தை அச்சின்மேல் லேசாகச் சுழலவிடும் உருளை வளையம். அதன் வேலையைத் தாராளமாக நாமே செய்யலாம். முதல் தடவை அரை நாள் போகும், பழகிவிட்டால் ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம். வெளிநாட்டுக்கு வந்தபோது நானும் ஸ்பானர் பிடித்தவன் இல்லை. பிடிக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு.

டிரெய்லர் வாங்கிய இரண்டாம் மாதம். படகை இழுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு முனகல் கேட்டது. டயர் சத்தம்தானே என்று ரேடியோவைக் கூட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த வண்டிக்காரர் விளக்கை விட்டு விட்டு அடித்தார். இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் ஒருக்களித்து நிற்கிறது, ஹப்பிலிருந்து, அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குடத்திலிருந்து, புகை. டயரின் உள்பக்கம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருந்தது. ஸ்டெப்னி இருந்தது, ஆனால் அதை மாட்டுவதற்கு ஹப் மிஞ்சவில்லை. மீட்பு வண்டி வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. எனக்கு விற்றவர், "போன மாதம்தான் கிரீஸ் போட்டேன்" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று இப்போது நான் நினைக்கவில்லை. ஹப் மூடியில் கிரீஸ் ஏற்றுவதற்கு இருந்த நிப்பிளில் நாலு தடவை அடித்திருப்பார். வெளிப்பக்கப் பேரிங்குக்குக் கிடைத்திருக்கும், உள்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங் உண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டும் டேப்பர் ரோலர் வகை, அதாவது ஒரு முனை சிறுத்த உருளைகளைச் சுற்றிலும் அடுக்கியது. உள்பேரிங்குக்குப் பின்னால் ஒரு ஆயில் சீல், கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் வளையம். சாதாரண டிரெய்லரில் இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடும். படகு டிரெய்லருக்கு வரும் வினையே வேறு. நெடுஞ்சாலையில் ஓடி ஹப் சூடாகியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அதே சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் படகை ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் நிறுத்திவிடுவோம். அந்த மூன்று வாரத்தில்தான் ரோலர் உட்கார்ந்திருக்கும் கோட்டில் துரு பிடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே கரைக்கு வந்ததும் வண்டியை நேராகத் தண்ணீருக்குள் விடாதீர்கள். பட்டைகளைக் கழற்றுவது, சாமான் ஏற்றுவது, விளக்கு ஒயரைப் பிடுங்குவது எல்லாவற்றையும் மேலேயே நின்று செய்யுங்கள். இருபது நிமிடம் போகும், ஹப்பும் ஆறிவிடும்.

வாங்கிய வண்டி என்பதால் முதல் வேலையாகச் சோதித்துப் பாருங்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியிலேயே மாட்டி வைத்து, மற்றச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை அச்சில் வைக்காமல் சட்டத்தில் வைத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே நீட்டாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று பிளே, அதாவது தளர்ச்சி, தெரிகிறதா? கையால் சுழற்றினால் மணலை அரைப்பதுபோல் சத்தம் வருகிறதா? சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வடிந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கழற்றியே ஆகவேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் தடவை கழற்றிவிடுவதே என் கட்சி. அடுத்தவர் போட்ட கிரீஸை நம்பி ஒரு தடவை பட்டுவிட்டேன்.

கழற்றுவது எளிது. தூசி மூடியைத் தட்டி எடுங்கள், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னை இழுங்கள், நட்டையும் வாஷரையும் எடுங்கள். ஹப்பை உங்கள் பக்கம் லேசாக அசைத்தால் வெளிப்பேரிங் உள்ளங்கையில் வந்து விழும். அந்தக் கிரீஸை விரலில் எடுத்துத் தேயுங்கள். வழவழவென்று இருந்தால் நல்லது. பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பின்பக்கச் சீலை நெம்பி எடுத்து எறியுங்கள், ஒருபோதும் திரும்பப் போடக்கூடாது. இடது பக்கச் சாமானையும் வலது பக்கச் சாமானையும் கலக்காமல் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றும் ஆசை வரும், செய்யாதீர்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் கெட்டுவிடும், சிதறவும் கூடும். ரோலரில் புள்ளிக் குழி, நீலம் ஓடிய நிறம், துரு, ஹப்புக்குள் ரோலர்கள் ஓடும் வளையமான ரேஸில் நகம் தட்டும் பள்ளம், இவற்றில் எது இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். ரோலரை மட்டும் புதிதாகப் போட்டு ரேஸைப் பழையதாக விடக்கூடாது. இரண்டும் ஜோடி. எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். சிறிய டிரெய்லர்களில் அடிக்கடி கண்ணில் படுவது எல்44649, அதன் ரேஸ் எல்44610. ஆனாலும் யூகித்து வாங்காதீர்கள், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சீலுக்கும் அதே விதி.

ரேஸை எடுப்பதுதான் கொஞ்சம் வியர்வை கேட்கும் வேலை. ஹப்பின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ரேஸின் விளிம்பு லேசாகத் தெரியும். அங்கே பித்தளைக் கம்பியை வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறித் தட்டினால் நகர்ந்து வரும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். புது ரேஸை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் மயிரிழை சுருங்கியிருக்கும். பழைய ரேஸையே தலைகீழாக மேலே வைத்துத் தட்டி இறக்குங்கள். இறங்கும்போது 'டொக், டொக்' என்று மந்தமாகக் கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் 'டங்' என்று சத்தம் மாறும். அந்தச் சத்தம் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

கிரீஸ் வைப்பதற்குக் கருவி வேண்டாம், உள்ளங்கை போதும். ஒரு உருண்டை கிரீஸை அதில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தால் வழித்து வழித்து அழுத்துங்கள். ரோலர்களின் இடுக்கு வழியாக மறுமுனையில் புழுப் புழுவாக வெளியே வரும். சுற்றிலும் அப்படி வந்தால்தான் நிரம்பியது என்று அர்த்தம். தண்ணீருக்குத் தாங்கும் மெரைன் வகை, கெட்டித்தன்மையில் 2-ம் எண் கிரீஸ் வாங்குங்கள். பழையது என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் நீர்த்துப்போகும். புதுச் சீலைத் தட்டும்போது அதன் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஹப்புக்குள் பார்த்திருக்கட்டும். ஸ்பிண்டிலில், அதாவது ஹப் ஏறும் அச்சு முனையில், சீல் உரசும் இடத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் தண்ணீரைத் தடுக்காது.

எல்லாரும் சறுக்குவது நட்டில். கார் சக்கர நட் மாதிரி இறுக்கிவிட்டுப் போனால் ஐம்பது கிலோமீட்டரில் பேரிங் வெந்துவிடும். டெக்ஸ்டர் என்ற நிறுவனத்தின் டிரெய்லர் அச்சுகளின் கையேடு சொல்லும் முறை இது: ஹப்பை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 50 ஃபுட் பவுண்டு, அதாவது 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவேண்டும். பேரிங் தன் இடத்தில் உட்கார்வதற்காக மட்டும் இந்த இறுக்கம். பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருப்பி நிறுத்தவேண்டும். ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் தளர்த்தும் பக்கம்தான் போகவேண்டும், இறுக்கும் பக்கம் அல்ல. உங்கள் அச்சுக்குக் கையேடு கிடைத்தால் அதில் உள்ளபடி செய்யுங்கள். ஸ்ப்ளிட் பின் புதியது போடுங்கள், காசுக்குக் கேடில்லாத சாமான்.

பேரிங் பட்டி என்ற பெயரில் விற்கும் ஸ்பிரிங் மூடியைப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம். உள்ளே லேசான அழுத்தம் வைத்துத் தண்ணீரை வரவிடாது. ஆனால் கிரீஸ் கன்னை அமுக்கிக்கொண்டே போனால் பின்பக்கச் சீல் பிதுங்கி, பிரேக் இருந்தால் அதன்மேல் கிரீஸ் போய் உட்காரும். உள்ளிருக்கும் தட்டு கொஞ்சம் வெளியே வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடி இருக்கிறதே என்று வருடாந்தர வேலையை விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. படகுக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வரும். சீசன் முடிந்து நிறுத்துவதற்கு முன்னால் செய்யுங்கள். தண்ணீரோடு குளிர்காலம் முழுக்க நின்றால் வசந்தத்தில் புதிது வாங்கவேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, ஒரு பக்கம் மட்டும் சுட்டால் நட்டை மறுபடி பாருங்கள். சக்கர நட்டுகளையும் 80 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கிரீஸ் திணித்து, பேரிங்கோடு தயாராக உள்ள ஹப் ஒன்றை பையில் சுற்றி டிரெய்லரின் பெட்டியில் போட்டு வையுங்கள். அந்த ஞாயிறு இரவு எனக்கு அது இருந்திருந்தால்கூட, வெந்த ஸ்பிண்டிலில் ஏறியிருக்காதுதான். முனகல் கேட்ட உடனே நிறுத்தியிருந்தால் ஏறியிருக்கும்.