அப்பாவும் பிளக் கேஜும்

அன்புள்ள ஐயா,

ஜாலான் புசார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. துவாஸில் வேலை. சொந்த ஊர் கோவை. கணபதியில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன தொழிற்கூடம் நடத்துகிறார்கள். மூன்று லேத்தில் ஆரம்பித்தது. முதலில் பம்பு செட்டுக்கு புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) கடைந்து கொடுத்தார்கள், இப்போது வண்டி எஞ்சினுக்கு வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் சின்னக் குழாய்) செய்கிறார்கள். நாங்கள் சப்ளை செய்யும் கம்பெனி "இன்னொரு லைன் போடுங்கள், ஆர்டரை இரட்டிப்பாக்குகிறோம்" என்கிறது. கணினி வைத்துக் கடையும் சிஎன்சி மெஷின் வாங்கக் கடன் வாங்க வேண்டும். என்னைத் திரும்பி வரச் சொல்கிறார் அப்பா.

போன மாதம் ஒரு சம்பவம். அந்தக் கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க ஒரு பெண் வந்தார், வயது இருபத்து நான்கு இருக்கும். தட்டில் இருந்த பீஸ்களில் பிளக் கேஜை, அதாவது துளையைச் சோதிக்கும் கட்டையை, விட்டுப் பார்த்துவிட்டு, தட்டு முழுவதையும் கழித்த சரக்குக்கான சிவப்பு டப்பாவில் போடச் சொல்லிவிட்டார். அப்பா நாற்பது வருடமாக விரலை வைத்தே துளை சரியா தப்பா என்று சொல்பவர். "நேத்து வந்த புள்ள எனக்குச் சொல்லித் தருதா" என்று ஒரே சத்தம். சித்தப்பா சமாதானம் செய்து அனுப்பிவைத்தார்.

டிவிஎஸ், ரானே என்று நம் ஊர்க் குடும்பங்கள் வாகன பாகங்கள் செய்தே எங்கோ போய்விட்டன. அவர்கள் காலம் அப்படி அமைந்ததா, இல்லை எங்களிடம் இல்லாத ஏதாவது அவர்களிடம் இருந்ததா? மின்சார வண்டி வரும் காலத்தில் வால்வு கைடுக்குக் கடன் வாங்கலாமா? நான் ஊருக்குப் போகலாமா? பெயர் வேண்டாம்.

அன்புடன்,
சுவா சூ காங்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேள்விகளை விட்டுவிட்டு நடுவில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன சம்பவத்தில்தான் என் கண் நின்றது. அதற்கு வருகிறேன். முதலில் காலம் அமைந்ததா என்று கேட்டீர்களே, அது.

அமைந்தது, சந்தேகமே இல்லை. டிவிஎஸ்ஸைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு 1911-ல் மதுரையில் ஆரம்பித்தது பாகம் செய்யும் தொழிலே இல்லை, பஸ் ஓட்டும் தொழில். மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, ரோட்டில் ஆணி பொறுக்கவே தனி ஏற்பாடு வைத்திருந்தார் என்று மதுரைப் பக்கம் ஒரு கதை உண்டு. அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் முகவர் ஆனார்கள். அதாவது உங்களைப் போல கடைகிறவர்கள் இல்லை, வாங்கி விற்கிறவர்கள்.

1953-ல் இந்திய அரசு ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்ளூரில் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. விற்க வண்டி இல்லாத முகவர் என்ன செய்வார்? கொஞ்ச வருடத்தில் சென்னை பாடியில் ஒவ்வொன்றாகக் கட்டடம் எழும்பியது. 1961-ல் லூகாஸ் டிவிஎஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருடம் சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். ஃபாஸ்னர்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, போல்ட்டும் நட்டும்தான். ரானேயும் அப்படித்தான். 1929-ல் வாங்கி விற்கும் கடையாக ஆரம்பித்து, பிறகு செய்கிறவர்களானவர்கள்.

இதை வாசிக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு நிமிடம் அப்பர் புக்கிட் தீமா ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1941-ல் திறந்த ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். 1942 பிப்ரவரி 15-ல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த அறையைப் பார்க்கத்தான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். ஆனால் அது போருக்குப் பிறகும் வருடக்கணக்காகக் கார் பூட்டிய இடம். 1980-ல் மூடினார்கள். இத்தனை சின்ன சந்தைக்கு வரிப் பாதுகாப்பு கொடுத்துக் கார் செய்வதில் அர்த்தமில்லை என்று அரசு கையை எடுத்துவிட்டது. சரியான முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. அதனால்தான் நம்மிடம் பாகம் விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன, பாகம் செய்யும் குடும்பங்களைத் தேடத்தான் வேண்டும். 2023-ல்தான் சிங்கப்பூரில் மறுபடி கார் செய்வது ஆரம்பித்தது, ஜூரோங்கில் ஹுண்டாய். ஏறக்குறைய பாதி வேலையை ரோபோக்களே செய்யும்படி அமைத்த இடம் அது. மூன்று லேத்தோடு போய் நிற்க முடியாது.

ஆக, காலமும் சட்டமும் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் கதவு எல்லாருக்கும்தானே திறந்தது? அந்த நாளில் பாதுகாப்பான சந்தையில் என்ன செய்தாலும் விற்றது. மூடி கசிந்தாலும் வாங்கத்தான் வேண்டும், வேறு மூடி கிடையாது. அந்தக் காலத்தில் நன்றாகச் சம்பாதித்த எத்தனையோ பேர் 1991-ல் இந்தியச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு காணாமல் போனார்கள். நின்றவர்களிடம் என்ன இருந்தது என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

மூடி என்று சொன்னேனே, ரேடியேட்டர் மூடி. அதை வைத்தே சொல்கிறேன்.

பார்க்க அற்பமான பொருள். உள்ளே ஒரு சுருள்வில், ஒரு ரப்பர் வளையம், நடுவில் காசு அளவில் ஒரு சின்ன வால்வு. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்திப் பிடித்து வைத்தால் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் தாங்கும். குக்கர் மாதிரிதான். எவ்வளவு அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை மூடி தலையிலேயே பொறித்திருப்பார்கள்: 0.9, 1.1 என்று. வில் கொஞ்சம் தளர்ந்தால் வண்டி நடுரோட்டில் கொதிக்கும். வில் இறுகிப் போனால் ஹோஸ் கிழியும்.

1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் இருந்த தன் ரேடியேட்டர் மூடித் தொழிற்சாலையைக் கைகழுவ நினைத்தது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் மொத்த லைனையும் விலைக்கு வாங்கிக் கழற்றிக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. தாத்தா காலத்தில் யாருடைய வண்டியை விற்றார்களோ, பேரன் சுரேஷ் கிருஷ்ணா காலத்தில் அவர்களுக்கே மூடி செய்து அனுப்பினார்கள். சும்மா அனுப்பவில்லை, 1990-களின் பிற்பாதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தரும் சிறந்த சப்ளையர் விருதை வருடாவருடம் தொடர்ந்து வாங்கினார்கள்.

இப்போது நான் வேலை பார்த்த கடை. பெயர் வேண்டாம், கடையும் இப்போது இல்லை. ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். அவருடைய அண்ணன்தான் பின்னால் பேக்கிங். பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமில் ஒரு லாரிக் கம்பெனிக்கு நாங்கள் மூடி அனுப்புவோம். ஒருமுறை 1.1 என்று எழுதிய பெட்டிகளில் பாதி 0.9 மூடிகள் போய்விட்டன. நான் பார்த்தேன். கையில் எடுத்துத் திருப்பியும் பார்த்தேன். பெரியவரிடம் சொன்னேன். "தெரியும் போ, முப்பது வருஷமா பாக்குறேன்" என்பதுபோல ஹொக்கியனில் ஏதோ சொன்னார். தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நொடி உள்ளே எட்டிப் பார்த்தார், அண்ணன் முதுகு தெரிந்தது. "பரவாயில்லை, அனுப்பு" என்றார்.

மூன்று வாரத்தில் மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. பணத்தை ஒரு காசு பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தார் தவுக்கே. அந்த நேர்மையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மறுநாளும் பேக்கிங்கில் அதே பெரியவர்தான் நின்றார். நான் அங்கே இருந்த ஆறு வருடத்தில் கடை ஒரு அடி கூட அகலமாகவில்லை. எனக்கு அப்போது அது துரதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

உங்கள் பிளக் கேஜுக்கு வருவோம். தெரியாத வாசகர்களுக்காக: அது இரண்டு முனை உள்ள ஒரு எஃகுக் கட்டை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. அவ்வளவுதான் சோதனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்கு. வால்வு கைடு துளை இறுகினால் வால்வின் தண்டு சிக்கும், தளர்ந்தால் ஆயில் கீழே இறங்கிப் புகை கக்கும். உங்கள் அப்பா விரல் அற்புதமான விரலாகத்தான் இருக்கும். நாற்பது வருட விரலை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த விரலை இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டாவது லைனில் வைக்க முடியாது. அவர் சளி பிடித்துப் படுத்தால் அதுவும் படுத்துவிடும். பத்துப் பேர் கடையில் விரல் போதும், அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் கட்டைதான் பேச வேண்டும்.

என் அனுபவத்தில், குடும்பத் தொழில் வளர்கிறதா நிற்கிறதா என்பது அந்த ஒரு தருணத்தில்தான் தெரியும்: வெளியாள் ஒருவர் வீட்டுப் பெரியவரிடம் "இது தப்பு" என்று சொல்லும்போது வீட்டில் என்ன நடக்கிறது. பாடியில் எழுந்த கம்பெனிகளைப் பாருங்கள். ஆரம்பமே அடுத்தவர் வரைபடத்தில்தான். லூகாஸ், கர்லிங், கிளேட்டன் என்று இங்கிலாந்துக்காரர்கள். 1990-களில் ஜப்பானியப் பேராசிரியர்களை அழைத்துவந்து, முதலாளிகளே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, எங்கே தப்பு என்று கேட்டார்கள். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு வந்தது. இந்தியாவுக்கு அதுதான் முதல். 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ். பரிசு கிடக்கட்டும். மூன்றாம் தலைமுறைப் பணக்காரர் ஒருவர் வெளியாளிடம் திட்டு வாங்கிக்கொண்டு உட்காருவது சின்ன விஷயமா?

பிரிவதையும் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நான்கு கிளைக் குடும்பங்களும் 2020 டிசம்பரில் யார் எதை நடத்துகிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, 2022-ல் முறைப்படி முடித்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் எழுதி வைத்திருக்கிறார்களா? கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும்.

கடனைப் பற்றி. இரட்டிப்பு ஆர்டர் என்று வாயால் சொல்வதை வைத்து மெஷின் வாங்காதீர்கள். எழுத்தில் எத்தனை வருடத்துக்கு, வருடாவருடம் விலையை எத்தனை சதவீதம் குறைக்கச் சொல்வார்கள், இரும்பு விலை ஏறினால் யார் தலையில், டூலிங் செலவு (அந்த பாகத்துக்கென்று செய்யும் கருவிகளின் செலவு) யாருடையது, இது நான்கும் வேண்டும். பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு வருடமும் விலையைக் குறைக்கச் சொல்வது இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி இல்லை, எழுதியே வைத்திருப்பார்கள். பணம் வரும் நாளையும் பாருங்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுப்பவனிடம் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டும் சப்ளையரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மின்சார வண்டியில் எஞ்சின் வால்வே கிடையாது, ஆகவே வால்வு கைடும் கிடையாது. இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. லாரி, டிராக்டர், பழைய வண்டிகளின் ரிப்பேர் எல்லாம் இன்னும் பல வருடம் ஓடும், ஆனால் பதினைந்து வருடக் கடனை அதன்மேல் கட்டுவது எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்குவதானால் வால்வு கைடு மட்டும் செய்யும் தனி மெஷின் வேண்டாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் எந்த வண்டிக்கும் வேண்டும், நாளைக்கு அந்த வேலைக்கும் திருப்பிக்கொள்ளக்கூடிய மெஷினாகப் பாருங்கள். புஷ் கடைந்தவர்கள்தானே நீங்கள், சஸ்பென்ஷனிலும் புஷ் இருக்கிறது.

ஊருக்குப் போகலாமா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் செய்யலாம். டிசம்பர் லீவில் போகும்போது ரிஜெக்‌ஷன் நோட்டை, அதாவது கழித்த சரக்கை எழுதி வைக்கும் நோட்டை, எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு நோட்டு இருந்தால், கடைசி ஆறு மாதத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், காரணம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "ஆபரேட்டர் தவறு" என்றே எல்லாப் பக்கமும் இருந்தால் யோசியுங்கள். ஒரு பக்கத்திலாவது அப்பாவோ சித்தப்பாவோ தங்கள் தப்பை எழுதியிருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். நோட்டே இல்லையென்றால், ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டு வாருங்கள். இங்கே தேக்கா கடையில் வாங்கிப் போகாதீர்கள், ஊரிலேயே மலிவு.

அப்புறம், அந்தச் சிவப்பு டப்பாவில் போன தட்டை யாராவது திரும்ப அளந்து பார்த்தார்களா? அந்தப் பெண் மறுபடி வந்தாரா? இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதைச் சொல்லுங்கள்.