ஸ்பானிஷ் இலக்கிய ஆய்வுக்கு மூல ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்வெஸிலிருந்து ஆரம்பியுங்கள். அவருடைய ஆவணங்களை 2014-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் வாங்கியது. 2017-ல் அவற்றில் சுமார் 27,000 பக்கப் படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது; எவ்வளவு பெரிய கொடை!

அச்சான புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். அவர் மறைந்தபின் 2024-ல் வந்த கடைசி நாவலையே பாருங்கள். அதன் ஐந்தாவது வரைவில் 5 ஜூலை 2004 என்ற தேதியும், முதல் பக்கத்தில் 'கிரான் ஓகே ஃபினால்' (இறுதியான பெரிய ஓகே) என்ற குறிப்பும் இருக்கின்றன. அந்த வரைவையும் செயலாளரிடம் இருந்த கணினிக் கோப்பையும் ஒப்பிட்டுத்தான் பதிப்பாசிரியர் நூலை உருவாக்கினார். ஆக, ஒரு வாக்கியத்தை ஆராயும்போது அது எந்த வரைவில் இருந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம், பழைய ஸ்பானியப் பத்திரிகைகளுக்கு ஸ்பெயின் தேசிய நூலகத்தின் 'எமெரோதேகா டிஜிட்டல்' என்ற இணையப் பத்திரிகைக் காப்பகம் இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.