நெடுந்தீவு: நீரிழிவுக் கால்புண் உள்ள அம்மம்மா காய்ச்சல் இறங்கியும் தூங்கி வழிகிறார், காலைப் படகு வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இப்போதே தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றச் சொன்னால், குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆம்புலன்ஸ் நிற்க 1990 என்ற இலக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் இறங்கியதை நம்பாதீர்கள். அந்தக் கால்புண்ணால் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) வந்திருக்கலாம். அதில் வயதானவர்களுக்கு உடம்பு குளிர்ந்தும் போகும். பனடோலும் காய்ச்சலை மறைக்கும்.

வண்டி வரும்வரை ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 22-க்குக் குறையாமல் இருந்து, ஆளும் இப்படி மயங்கிக் கிடந்தால் பெரிய ஆபத்து. மெஷின் இருந்தால் இரத்தச் சீனியும் பாருங்கள், சீனி இறங்கினாலும் இதே தூக்கம்தான். அரைமயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் செப்சிஸ் இல்லை என்று ஆகாது. போங்கள். மருந்துக் கொப்பியை மறக்காதீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதையும் சொல்லுங்கள்.